மூன்றாம் ஓலை

பாறசாலை,
22 ஏப்ரல் 2024

பிரியமுள்ள மினிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவர் தயவால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி உண்டு? உன் வீட்டுக்காரர் பொன்னுதாசுக்குச் சர்க்கரை இறங்கியதா?

உன் மகன் சிபி ஒன்பது வயதில் ஓய்வுநாள் பள்ளியில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "பெரியம்மே, ஆண்டவரைத்தான் எல்லாரையும்விடக் கூடுதலாட்டு நேசிக்கணும்னு சொல்லுதிய. அப்பம் அம்மைக்கு மிச்சம் எவ்வளவு உண்டு?" நீ புனேயில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாய். அவன் என் வீட்டில் இருந்தான். பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கின எனக்கு அந்தக் கணக்குக்கு விடை தெரியவில்லை. மணி அடித்ததைச் சாக்காக வைத்துத் தப்பித்தேன். நேற்று போதகர் கனகதாஸ் அதே வசனத்தைப் பிரசங்கித்தார். அதனால் நினைவு வந்தது.

இனி நல்ல செய்தி. சிபியின் கல்யாண ஓலை கொடுத்தாயிற்று. காகிதமாகி எத்தனையோ காலம் ஆனாலும் நம் சபையில் அதற்கு ஓலை என்றுதான் பேர். நீங்கள் ஊரில் இல்லாததால் மணமகன் வீட்டார் கையெழுத்து என்னுடையது. 'மணமகன் சிபி, வயது 31, பிரம்மச்சாரி. மணமகள் வெள்ளறடை ஜெஸ்மி, வயது 27, கன்னிகை' என்று கருப்பு மையில் எழுதினேன். 'மேற்கண்டவை நான் அறிந்தவரை உண்மை' என்ற வரிக்குக் கீழே ஒப்பமிட்டேன். போதகர் பார்த்துவிட்டு, "டீச்சருக்க எழுத்தெ இப்பளும் அச்சில போடலாம்" என்றார்.

ஏப்ரல் 28, மே 5, மே 12 என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். 16ஆம் தேதி கல்யாணம். ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்து, "தடை உள்ளவர்கள் சொல்லலாம்" என்று போதகர் கொஞ்ச நேரம் நிற்பார் அல்லவா? இத்தனை வருடத்தில் அந்த இடைவெளியில் நான் கேட்டதெல்லாம் மின்விசிறிச் சத்தமும் பாடகர் குழு ஜீனாவின் இருமலும்தான்.

14ஆம் தேதி உங்களை ரயில் நிலையத்தில் பார்ப்பேன். கர்த்தர் உங்களைக் காப்பாராக.

அன்புடன்,
அக்கா ஞானபாய்

---

புனே,
26 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். கால்வலி அப்படியேதான். வார்டில் ஆள் குறைவு, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ ஓலையில் கையெழுத்திட்டது நல்லதாயிற்று. டீச்சர் கையெழுத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். சிறப்பு அனுமதி வாங்கினால் ஓலை மூன்று தடவை வாசிக்காமலே கல்யாணம் நடத்தலாம் என்கிறார்களே, போதகரிடம் விசாரித்தாயா? மூன்று ஞாயிறு என்பது நீண்ட காலம். கல்யாண வீடு என்றால் ஊரார் வாய் சும்மா இருக்காது. யார் வந்து என்ன சொன்னாலும் காது கொடுக்காதே. செங்கல் ஊர்ப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நம்மேல் பொறாமை உண்டு என்று சிபி சொன்னான். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மினி

---

பாறசாலை,
5 மே 2024

பிரியமுள்ள மினிக்கு,

சமாதானம் உண்டாவதாக. நேற்றிலிருந்து மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாய் என்று நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். நாளை விரைவுத் தபாலில் சேர்ப்பேன்.

நேற்று காலை பத்து மணிக்குச் செங்கலிலிருந்து பிரசீதா என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். நெய்யாற்றின்கரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. கேட்டைத் திறந்தவள், உள்ளே வராமல் நின்றே பேசினாள். உட்காரச் சொன்னேன். "இரிக்கில்ல டீச்சரே, இரிந்நா நான் கரையும்" என்றாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவாளாம். பிறகு பையிலிருந்து ஒரு நகலை எடுத்துக் கொடுத்தாள்.

பெங்களூரில் பதிவு அலுவலகத்தில் பதிந்த கல்யாணச் சான்று. 2021 பிப்ரவரி. கணவன் பெயர் சிபி. அவன் கையெழுத்து எனக்குத் தெரியும், 'சி' போடக் கற்றுக்கொடுத்தது நான். பதினான்கு மாதம் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். பிறகு அவன் வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். விவாகரத்து இல்லை, மனுவும் இல்லை.

அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். தமிழும் மலையாளமுமாகச் சொன்னாள். "எனிக்கு அயாளெ வேண்டா டீச்சரே. சண்டைக்கும் வரேல்ல. நடந்த காரியம் நடக்கவே இல்லன்னு உங்க சபையில எல்லாரும் கேட்க வாசிக்காண்டாம். நான் ஒரு ஆளு. நான் இருந்நு."

அவள் போனதும் சிபியைக் கூப்பிட்டேன். மறுக்கவில்லை. "அது முடிஞ்ச காரியம் பெரியம்மே. வெறும் பேப்பர் ஆக்கும். கல்யாணம் கழிஞ்சப்பிறவு வக்கீலெ வெச்சு ஒதுக்கிக்கலாம்" என்றான். ஜெஸ்மிக்குத் தெரியுமா என்று கேட்டேன். "எதுக்கு அவளெப் பேடிப்பிக்கணும்?" என்றான். அவளைப் பயமுறுத்தக் கூடாதாம்.

இன்று காலை இரண்டாம் வாசிப்பு. 'பிரம்மச்சாரி சிபி' என்று என் எழுத்தைப் போதகர் வாசித்தார். தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். மினி, நான் உட்கார்ந்தே இருந்தேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, திறந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறியாமல் எழுதின பொய்யை அறிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் குற்றம். அதை உன்மேல் போடவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்றாம் வாசிப்பு. அதற்குள் நீயோ சிபியோ ஜெஸ்மி வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சொன்னால் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் எழுந்து நிற்பேன்.

அந்தச் சான்றில் சாட்சிகள் மூன்று பேர். முதல் இரண்டும் சிபியின் நண்பர்கள். மூன்றாவது கையெழுத்தையும் வாசித்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

கால்வலிக்குச் சூடு ஒத்தடம் வை. ஆண்டவர் உனக்குத் தைரியம் தருவாராக.

அக்கா

---

புனே,
9 மே 2024

அக்கா,

உன் எண்ணை அடைத்துவிட்டேன். பேச்சில் நீ யார் சொன்னதைக் கேட்டிருக்கிறாய்? எழுத்தில் சொன்னால் ஒருவேளை தலையில் ஏறும்.

அவன் ஒரு தப்புச் செய்தான். உலகத்தில் தப்புச் செய்யாத பிள்ளை எது? அதை மூடுவதற்குத்தான் வீடு என்று ஒன்று இருக்கிறது. நீ கதவைத் திறந்து ஊரைக் கூப்பிட்டு உள்ளே காட்டப் போகிறாய். கேட்டால் ஆண்டவர் என்பாய். ஆண்டவருக்கு முதலிடம், குடும்பத்துக்கு இரண்டாமிடம் என்பாய். சொல்வது உனக்கு லேசு. உனக்குக் குடும்பம் எங்கே இருந்தது? நீ வளர்த்தாய், சரி. பெற்றவள் நான். வயிற்றில் சுமந்தவளுக்கு வரும் பயம் உனக்கு வராது.

அந்தப் பெண் யார்? நம் சபையா, நம் சாதியா, நம் இரத்தமா? பத்து நிமிடம் கேட்டில் நின்றவளுக்காக முப்பது வருடப் பிள்ளையை விட்டுக்கொடுப்பாயா?

12ஆம் தேதி நீ எழுந்தால் எனக்கு அக்கா இல்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி.

மினி

---

பாறசாலை,
13 மே 2024

பிரியமுள்ள மினிக்கு,

நீ சுகம் விசாரிக்காமல் எழுதினாய். நான் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

உன் கடிதம் இன்று, திங்கட்கிழமை, என் கைக்கு வந்தது. சனிக்கிழமையே வந்திருந்தாலும் நான் எழுந்துதான் இருப்பேன். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தபால் பிந்தியதால் நடந்துவிட்டது என்று நீ உன்னை ஆறுதல்படுத்திக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் சிபி வந்தான். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தேன். பசியோடு கேட்க வேண்டாம் என்று, சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். "மக்கா, நீ இண்ணு வெள்ளறடைக்குப் போய்ச் சொல்லேன். நானும் கூட வாறேன்." அவன் கை கழுவிக்கொண்டே சிரித்தான். "பெரியம்மே எழும்ப மாட்டிய. எனக்குத் தெரியும்" என்றான். அவன் சிரித்த விதத்தில் கள்ளம் இல்லை. என்னை அவ்வளவு நம்பினான். எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான்.

போதகரிடமும் போய் உள்ளதைச் சொன்னேன். "இன்னும் அஞ்சு நாள்தானே டீச்சர், கல்யாணம் கழியட்டு, பிறவு வழி பார்க்கலாம்" என்றார். அடைத்த பிறகு வழி பார்ப்பதற்கு அது என்ன சாக்கடையா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நேற்று ஓலை வாசித்தார். தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். நான் எழுந்தேன்.

"தடை உண்டு" என்றேன். வகுப்பில் வருகிற குரல்தான் வந்தது.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர் இருங்க. ஆராதனை முடிஞ்சு உள்ளறையில பேசலாம்."

"ஓலையெ சபையில வச்சுத்தானே வாசிச்சிய போதகரே. பதிலையும் சபை கேட்கட்டு."

பின் வரிசையிலிருந்து ஜீனா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "சொந்தமாட்டு ஒண்ணெப் பெத்திருந்தா இப்பிடி எழும்புவாளா?"

"பெத்திருந்தா போன ஞாயிறே எழும்பியிருப்பேன் ஜீனா" என்றேன். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னேன்: "பிரம்மச்சாரின்னு அதில எழுதினது எனக்க கை. அறியாம எழுதினேன். அறிஞ்ச பிறவு ஒரு ஞாயிறு மிண்டாம இருந்தேன். இன்னொரு ஞாயிறு இருக்க மாட்டேன். இவனுக்குப் பதிவுக் கல்யாணம் கழிஞ்சாச்சு. அந்தப் பெண்ணு உயிரோட உண்டு."

ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் சிபி இருந்தான். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. "மக்கா, இது உள்ளதா?" என்று போதகர் கேட்டார். "உண்டு. ஆனா..." என்றான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவனே ஒத்துக்கொண்டதால் நகல் தேவைப்படவில்லை. அது என் பையிலேயே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அதில் உள்ள மூன்றாம் பெயரைச் சொல்ல வேண்டியது நான் அல்ல.

சிபி நேரே வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறிவிட்டான். நான் வந்தபோது அவன் விரித்த பாய் மட்டும் கிடந்தது.

நீ கேட்டதற்குப் பதில். பிரசீதா நம் சபை அல்ல, நம் சாதி அல்ல, நம் இரத்தம் அல்ல. நம் இரத்தத்துக்கு மட்டும் உண்மையாக இருப்பதற்கு ஆண்டவர் வேண்டியதில்லை. கோழியும் தன் குஞ்சுக்காகப் பருந்தைக் கொத்தும்.

இன்னொன்று. எழுந்து நின்ற அந்த நிமிடத்தில் எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை ஆண்டவரிடம் சொன்னேன். உன்னிடமும் சொல்கிறேன். அதற்காக நின்றது தப்பு என்று ஆகாது.

உங்களுடைய ரயில் சீட்டை ரத்து செய்திருப்பாய். செய்யாவிட்டாலும் வா. கதவு திறந்திருக்கும்.

அக்கா

---

பெங்களூர்,
20 மே 2024

ஞானபாய் பெரியம்மைக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

ஜெஸ்மியின் அப்பா தொலைபேசியில் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். என் அப்பா என்னோடு பேசுவதே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் மடியில் வைத்துக்கொண்டிருந்த அதே ஆள் இதைச் செய்தீர்கள். இருநூறு பேர் முன்னால் செய்தீர்கள். உங்கள் ஆண்டவருக்குப் பலி கொடுக்க நான்தான் கிடைத்தேனா?

ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு ஆண்டவர் முதல். சரி. நான் எத்தனையாவது?

சிபி

---

பாறசாலை,
27 மே 2024

என் சிபிக்கு,

பெரியம்மையின் வாழ்த்துகள். நேரத்துக்குச் சாப்பிடு. மழை தொடங்கிவிட்டது. உனக்கு மூச்சிரைப்பு வரும் காலம், மருந்தைக் கையில் வைத்துக்கொள்.

நீ எத்தனையாவது என்று கேட்டாய். முதலாவது இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நீ முதலாவதாக இருந்திருந்தால், நீ சிரித்த அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தே இருந்திருப்பேன். ஜெஸ்மி உன்னை நம்பி வந்திருப்பாள். ஐந்து வருடம் கழித்து அவள் கையில் அந்தச் சான்று கிடைத்திருக்கும். அப்போது உனக்கு ஒரு பிள்ளையும் இருந்திருக்கும்.

ஏழாம் வகுப்பில் உனக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் உண்டா? இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு. நீ இடமிருந்து வலமாகப் போட்டு இருபது என்றாய். நான் தவறுக்குறி போட்டேன். "எண்ணெல்லாம் சரிதானே பெரியம்மே" என்று சண்டை போட்டாய். எண் சரி, வரிசை தப்பு. பெருக்கலை முதலில் செய்தால் பதினான்கு. நேசத்திலும் அப்படித்தான். யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பது கேள்வியே அல்ல. எதை முதலில் செய்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. உன்னை முதலில் வைத்தால் உனக்காகப் பொய் சொல்வேன். ஆண்டவரை முதலில் வைத்தால் உன்னிடமும் உள்ளதைச் சொல்வேன். இரண்டிலும் நேசிக்கப்படுவது நீதான்.

பலி என்று எழுதினாய். யார் யாரைப் பலி கொடுத்தார் என்பதை நிதானமாக யோசி. பிரசீதா என்று எழுதிப் பார். உன் கடிதத்தில் அந்தப் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் எப்போது வந்தாலும் உனக்குச் சோறு உண்டு.

பெரியம்மை

---

பாறசாலை,
30 ஜூன் 2024

பிரியமுள்ள மினிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. சுகமாயிருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்கு வலது கண்ணில் புரை என்றார்கள். அவசரமில்லை.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். சித்தப்பா வீட்டுப் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. சபைக் கமிட்டியில் இரண்டு பேர் வந்து, "டீச்சர் ஓய்வுநாள் பள்ளியில இருந்து கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். "குடும்ப மானத்தெ சபையில போட்டு உடைச்ச ஆளு, பிள்ளியளுக்கு என்னத்தெ படிப்பிக்கும்னு ஆளுவ கேக்குது" என்றார் ஒருவர். "அதெத்தான் படிப்பிக்கும்" என்றேன். ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். தரவில்லை. வேண்டுமானால் நீங்கள் நீக்கி, காரணத்தைக் காகிதத்தில் எழுதுங்கள் என்றேன். இதுவரை எழுதவில்லை. ஞாயிறுதோறும் போய் வகுப்பில் இருக்கிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள், இப்போது ஏழு பேர். ஏழு பேருக்குக் கணக்கும் வசனமும் நன்றாகவே ஏறுகிறது.

போன வாரம் ஜெஸ்மி வந்தாள். வெள்ளறடையிலிருந்து ஆட்டோ பிடித்துத் தனியே வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"டீச்சருக்கு நாலாம் தேதியே தெரியும். பன்னிரண்டாம் தேதி எழும்பிய. இடையில எட்டு நாளு. அதுக்குள்ள எனக்கு ஒரு போன் செய்திருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே. இப்பம் எங்க சபையிலயும் எனக்க பேரெ வாசிச்சாச்சு. பஸ்ஸில ஆளுவ பார்க்குது."

"நீ சொல்லது சரியாக்கும் மக்கா" என்றேன். உண்மையிலேயே சரிதான். அவளிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உனக்கும் சிபிக்கும் அவகாசம் கொடுத்தேன், அவளுக்குக் கொடுக்கவில்லை. அந்த எட்டு நாளும் என் மனதில் குடும்பம்தான் முதலில் இருந்திருக்கிறது. இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் கண்டுபிடித்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் குடிக்காமலே போனாள்.

எனக்குக் கோபம் இல்லை. பயமும் இல்லை. உன்னைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் இருக்கிறது.

அக்கா

---

பாறசாலை,
15 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள மினிக்கு,

சுகமா? பிறந்தநாள் வாழ்த்துகள். நீ பதில் எழுதாவிட்டாலும் மாதம் ஒரு கடிதம் வரும். கிழித்துப் போட்டாலும் வரும்.

கண் அறுவை முடிந்தது. பிரசீதா துணைக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "மகளாணோ?" என்று கேட்டாள். பிரசீதா என் கையைப் பிடித்துப் படி இறக்கினாள்.

அக்கா

---

புனே,
2 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நிறுத்தாதே. கனமான வாளியைத் தூக்காதே. நர்ஸாகச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை தொடங்கினேன். அந்தச் சான்றில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. நீ மே மாதமே பார்த்துவிட்டாய். போதகரிடமோ, சிபியின் அப்பாவிடமோ, உன் கடிதத்திலோகூட அந்தப் பெயரை நீ எழுதவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுதியிருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த 2021 பிப்ரவரியில் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பெங்களூர் போனேன். கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். என் சேலை மடிப்பைக் குனிந்து சரிசெய்தாள். பிறகு அவன் வேண்டாம் என்றபோது, நல்லவேளை ஊருக்குத் தெரியாது என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன் அக்கா. அப்படி ஒரு ஜெபம் செய்தவள் நான். யாரோ செங்கல்காரர்கள் என்று உனக்கு எழுதினேனே, அவளுடைய கையால் நான் சோறு தின்றிருக்கிறேன்.

போன வாரம் சிபியின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். மூன்றாம் நாள், "உனக்க அக்காகிட்ட சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார். சிபியும் பிரசீதாவும் சேர்ந்து நீதிமன்றத்தில் விவாகரத்து மனுக் கொடுத்திருக்கிறார்கள். பிரிந்தபின் முதல் தடவை அவளிடம் முகத்துக்கு நேராகப் பேசினேன் என்று சிபி சொன்னான். என்ன பேசினான் என்று சொல்லவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. இருநூறு பேர் முன்னால் அவன் தலை குனிந்ததை நினைத்தால் இப்போதும் உன் கடிதங்களைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது. ஆனால் அன்று நீ சொன்னது பொய் இல்லை. இரண்டும் சேர்ந்தே எனக்குள் இருக்கிறது.

எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலிட்டால் வலிதான் தெரிகிறது. சிபியின் பேரைச் சொன்னதும் நின்றுவிடுகிறது. அடுத்த வரி இல்லை. என்ன செய்யட்டும்?

மினி

---

பாறசாலை,
9 அக்டோபர் 2024

பிரியமுள்ள தங்கைக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே எனக்குச் சுகம். கண் நன்றாகத் தெரிகிறது. உன் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமலே வாசித்தேன். பொன்னுதாசிடம் நான் விசாரித்ததாகச் சொல். டிசம்பரில் வருவதென்றால் வா. வராவிட்டாலும் மாதக் கடிதம் நிற்காது.

நீ என்னை மன்னிக்கவில்லை. நான் நின்றதற்கு மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. இன்னொரு ஓலை இப்படி வாசித்தால் இன்னொரு தடவையும் எழும்புவேன், அது உன் பேரனுடையதாக இருந்தாலும். நாம் இரண்டு பேரும் இப்படியே அக்காவும் தங்கையுமாக இருப்போம். சமாதானம் ஆனபிறகுதான் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை.

அலமாரியிலிருந்த நகலைப் பிரசீதாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அது அவளுடையது. நீ எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீ.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டாய். ஆரோக்கியமாதா சாலையில் ஒரு வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் நீ முதலில் அந்தத் தெருவுக்குத் திரும்ப வேண்டும். தெருவில் திரும்பாமல் வாசல் எங்கே என்று தேடினால் கிடைக்காது. முப்பது வருடமாக நானும் சிபியிலிருந்துதான் ஜெபத்தைத் தொடங்கினேன். சிபிக்குப் படிப்பு, சிபிக்கு வேலை, சிபிக்கு நல்ல பெண். நான் பேசிக்கொண்டிருந்தது ஆண்டவரிடமா சிபியிடமா என்று இப்போது எனக்கே சந்தேகம் உண்டு. மே மாதத்துக்குப் பிறகு மாற்றினேன், நம் வீட்டால் அநியாயம் பட்டவளிலிருந்து தொடங்கினேன். முதல் நாள் நாக்கு எழவில்லை. இரண்டாம் நாள் பாதி வந்தது. ஒரு வாரத்தில் முழுதாக வந்தது, சிபிக்காகவும் அதற்குப் பிறகு தடையில்லாமல் பேச முடிந்தது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். முழங்காலிடவும் வேண்டாம், உன் கால் தாங்காது, நாற்காலியில் இரு. நாளை காலை, நம் வீட்டார் யாருடைய பெயரையும் எடுக்குமுன், பிரசீதாவின் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் பேசிப் பார்.

அக்கா